கேட்பதற்கு முன் எழுதி வைக்க வேண்டியவை

(சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளின்போது திகனயில் நடைபெற்ற ஒன்றுகூடலில் ஆவணக் குழுவினர் நிகழ்த்திய உரை)



கலைக்கும் டிஜிட்டல் ஊடகத்துக்குமான திட்டங்களுக்கு மானியம் பெறுவது எப்படி என்று பேசும்படி மலர்க் குழுவினர் எங்களைக் கேட்டார்கள். நாங்கள் இதில் நிபுணர்கள் அல்லர். எங்கள் நால்வரில் ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, ஒருவர் வங்கியில் வேலை பார்த்தவர், ஒருவர் கணினி வகுப்பு நடத்துபவர், ஒருவர் இதே திகனயில் குடும்பத்தோடு கடை வைத்திருப்பவர். இதுவரை மூன்று விண்ணப்பங்கள் எழுதினோம். முதலாவது நிராகரிக்கப்பட்டது. இரண்டாவதை நாங்களே கைவிட்டோம். மூன்றாவது கிடைத்தது. கிடைத்த கதையைவிட மற்ற இரண்டு கதைகளும் உங்களுக்கு அதிகம் உதவும் என்று நினைக்கிறோம்.

எப்படித் தொடங்கியது என்பதைச் சொல்லிவிடுகிறோம். கல்லூரிக் களஞ்சிய அறையில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. உள்ளே பழைய கல்லூரிச் சஞ்சிகைகள், விளையாட்டுப் போட்டிப் படங்கள், நாடகங்களின் கையெழுத்துப் பிரதிகள். திறந்தபோது அடியிலிருந்த கட்டைக் கறையான் தின்று முடித்திருந்தது. மேலே இருந்தவை தப்பியிருந்தன. படங்களின் பின்புறத்தில் பெயர்கள் இல்லை. முன்வரிசையில் இருக்கும் பிள்ளை யார் என்று சொல்லக்கூடிய அக்காமார் இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தோம். விரல்கள் போதுமாக இருந்தன.

அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. எங்களில் ஒருவரின் மாமியார், தோட்டத்தில் கொழுந்து பறித்து வளர்ந்தவர், ஒரு மரண வீட்டில் ஒப்பாரி பாடினார். அந்தப் பாட்டில் கோப்பிக் காலத்துச் சொற்கள் இருந்தன. அவருடைய பேத்தி எங்கள் கல்லூரியில் உயர்தரம் படிக்கிறாள். அவளுக்கு அந்தப் பாட்டில் பாதிதான் விளங்கியது. சஞ்சிகைகளையும் படங்களையும் ஸ்கேன் செய்வது, இந்தப் பக்கத்துத் தமிழ், முஸ்லிம் பெண்கள் பாடும் தாலாட்டு, கும்மி, ஒப்பாரி, கலியாணப் பாட்டு ஆகியவற்றை ஒலிப்பதிவு செய்வது என்று அன்றைக்கே முடிவெடுத்தோம். கையில் காசு இருக்கவில்லை.

இந்த வேலை எங்களோடு தொடங்கியதல்ல. மீனாட்சி அம்மாள் நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்காகப் பாட்டுக் கட்டி, கூட்டங்களில் தாமே பாடி, 1940இல் அவற்றைச் சிறு நூலாக அச்சிட்டார். சி.வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகக் கேட்ட நாட்டார் பாடல்களை ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று தொகுத்தார். எழுதி வைத்ததனால் அவை இன்று நம்மிடம் இருக்கின்றன. கம்பளைக்கு அருகே ஓல்ட் பீகொக் தோட்டத்துப் பழைய லயன் அறைகளில் 2007 முதல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவகம் அதை அமைத்தது. ஒரு பெட்டகம், ஒரு கொழுந்துக் கூடை, ஒரு பெயர்ப் பதிவு என்று மக்கள் கொண்டுவந்து கொடுத்த பொருள்களும் அங்கே இருக்கின்றன. போகாதவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய் வாருங்கள்.

நூலகம் நிறுவனத்தையும் சொல்ல வேண்டும். 2005இல் ஒரு சில தன்னார்வலர்கள் ஈழத்துத் தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றத் தொடங்கினார்கள். இன்று அங்கே ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட ஆவணங்கள் இருக்கின்றன. அவர்கள் மானியம் கிடைக்கும்வரை காத்திருக்கவில்லை. கையில் இருந்ததைக் கொண்டு தொடங்கினார்கள். உதவி கொடுப்பவர்கள் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

சரி, யார் கொடுக்கிறார்கள்? பிரித்தானிய நூலகத்தில் ‘அழியும் நிலையிலுள்ள ஆவணங்கள்’ என்றொரு திட்டம் 2004 முதல் நடக்கிறது. ஆர்கேடியா என்ற அறக்கட்டளையின் பணம். பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்திய ஏடுகள், கையெழுத்துப் பிரதிகள், படங்கள் போன்றவற்றை டிஜிட்டல் பிரதியாக்க உதவுகிறது. மூலப் பொருள் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்பது அதன் நிபந்தனை. அதே அறக்கட்டளையின் பணத்தில் லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக நூலகம் 2018 முதல் இருபதாம், இருபத்தோராம் நூற்றாண்டு ஆவணங்களுக்கு உதவுகிறது. தூதரகங்களிடம் சிறு கலாசார நிதிகள் உண்டு. பிரிட்டிஷ் கவுன்சில், கோதே நிலையம் போன்றவை காலத்துக்குக் காலம் கலைத் திட்டங்களுக்கு அழைப்பு விடுகின்றன. இலங்கைக் கலைக் கழகமும் கலாசாரத் திணைக்களமும் நம் நாட்டு வாசல்கள். பிரதேச செயலகத்தின் கலாசார உத்தியோகத்தரை நாங்கள் கடைசியாகத்தான் போய்ப் பார்த்தோம். முதலில் பார்த்திருக்க வேண்டும். தொகையும் நிபந்தனையும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆகையால் எங்கள் வாயால் கேட்டதை வைத்துக்கொள்ளாமல் அந்தந்த ஆண்டின் அறிவித்தலை முழுவதும் வாசியுங்கள்.

எங்கள் முதல் விண்ணப்பம் அதில்தான் தவறியது. ஏற்கெனவே இருக்கும் பழைய பொருளை டிஜிட்டல் பிரதியாக்குவதற்கான நிதி அது. புதிதாக ஒலிப்பதிவு செய்ய அதில் இடமில்லை. நாங்கள் பன்னிரண்டு பக்கம் எழுதி, அதில் ஒன்பது பக்கத்தைப் பாட்டுக்கே ஒதுக்கியிருந்தோம். மறுமொழி இரண்டு வரியில் வந்தது. இரண்டு நாள் கோபமாக இருந்தோம். பிறகு விதிமுறையைத் திரும்ப வாசித்தபோது அது முதற்பக்கத்திலேயே இருந்தது.

அந்த விண்ணப்பத்தில் வேறு பிழைகளும் இருந்தன. மலையகப் பண்பாடு, பெண்களின் பெருமை, வருங்காலச் சந்ததி என்று நிறைய எழுதியிருந்தோம். எத்தனை சஞ்சிகை, எத்தனை பக்கம், யார் எத்தனை மணி நேரம் வேலை செய்வார் என்று எங்கும் எழுதவில்லை. எங்கள் வங்கி அக்காதான் ஒரு கொப்பியை எடுத்துக் கணக்குப் போட்டார். சஞ்சிகைகள் 60. சராசரி 80 பக்கம். ஆக 4,800 படிமங்கள். பக்கம் கிழியாமல் திருப்பி, ஸ்கேன் செய்து, கோப்புக்குப் பெயர் வைக்க மணிக்கு 40 பக்கம் என்றால் 120 மணித்தியாலம். ஏ4 அளவுப் பக்கமொன்றை 300 புள்ளி அடர்த்தியில், வர்ணத்தில், சுருக்காமல் சேமித்தால் ஏறக்குறைய 26 மெகாபைட். எல்லாம் சேர்ந்து 125 ஜிகாபைட். நல்ல தரத்தில் ஒரு மணி நேர ஒலிப்பதிவு ஏறக்குறைய ஒரு ஜிகாபைட். அதாவது நாங்கள் பயந்த சேமிப்புச் செலவு மிகச் சிறியது. ஒரு வன்தட்டு போதும். பத்திரத்துக்காக மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு ஊரில் என்று வைத்தாலும் பெரிய தொகை வராது.

செலவு மனிதர் வேலையில்தான் இருக்கிறது. ஒரு மணி நேரப் பாட்டையும் பேச்சையும் கேட்டு எழுத நான்கிலிருந்து ஆறு மணி நேரம் பிடிக்கிறது. அதற்குமேல் பாடியவர் யார், எந்தத் தோட்டம் அல்லது ஊர், யாரிடம் கற்றார், எப்போது பாடுவது என்ற விபரம் எழுத வேண்டும். விபரம் இல்லாத ஒலிப்பதிவும் பெயர் இல்லாத படமும் ஒன்றுதான். முதல் வரவு செலவில் நாங்கள் கமெராவுக்கும் மடிக்கணினிக்கும் பாதிப் பணத்தை எழுதிவிட்டு, எழுதும் பிள்ளைகளுக்கு ‘தொண்டர்கள்’ என்று பூச்சியம் போட்டிருந்தோம். இப்போது அவர்களின் கூலியே முதல் வரி. பாடும் பெண்களுக்கும் ஒரு நாள் சம்பளம் வைக்கிறோம். தோட்டத்தில் ஒரு நாள் பேர் போடாமல் வந்து உட்கார்ந்து பாடுகிறவருக்கு அது இழப்பு.

இன்னொரு பாடம் நாணய மாற்று விகிதம். 2022 தொடக்கத்தில் இரண்டாவது விண்ணப்பத்துக்கு விலைகளை வாங்கியபோது டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது. மே மாதம் 360 அளவுக்குப் போனது. ஸ்கேனருக்கு எழுதிய பணம் அதன் மூடிக்குத்தான் காணும் என்று எங்களில் ஒருவர் பகிடி விட்டார். இறக்குமதிப் பொருளுக்கான விலையை டொலரிலோ பவுணிலோ எழுதுங்கள். கூலியையும் பயணத்தையும் ரூபாயில் எழுதுங்கள். எந்த நாளின் விகிதம் என்று அடியில் குறியுங்கள்.

கணக்கு அறிக்கை பற்றியும் ஒரு சொல். பெரிய நிதிகள் பதிவுச் சான்றிதழையும், பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுக் கணக்காய்வு அறிக்கையையும் கேட்கும். எங்கள் குழுவுக்கு அவை இல்லை, சங்கத்துக்கு இருந்தன. சங்கத்தின் பெயரில் விண்ணப்பித்து, தனிக் கணக்கேடு வைத்தோம். ஒரு பேருந்துச் சிட்டையைக்கூட விடாமல் ஒட்டிவைத்தோம். பழைய மாணவியர் சங்கம் என்ற ஒன்று நூறு ஆண்டாக ஒழுங்காகக் கூட்ட அறிக்கை எழுதி வைத்திருப்பதன் பெறுமதி எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

இனி, நாங்கள் கைவிட்ட விண்ணப்பம். இதைச் சொல்வதற்கு முன் இந்த இடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

நாம் இருக்கும் இடத்திலிருந்து சற்றுத் தூரத்தில் விக்டோரியா அணைக்கட்டு. 122 மீற்றர் உயரம். பிரித்தானிய அரசின் பெருந்தொகை நன்கொடையோடு கட்டி, 1985 ஏப்ரல் 12 அன்று மார்கரெட் தாட்சர் அம்மையார் முன்னிலையில் திறந்தார்கள். திகன கண்ட மிகப் பெரிய மானியம் அதுதான். மின்சாரம் வந்தது. பழைய தெல்தெனிய நகரம் தண்ணீருக்குள் போனது. கடும் வரட்சியில் நீர் இறங்கும்போது பழைய கட்டடங்களின் எச்சங்கள் தெரிகின்றன. பார்க்கப் போகும் சனத்தில், இது எங்கள் கடை இருந்த இடம் என்று விரல் நீட்டும் முதியவர்கள் இருப்பார்கள். கொடுப்பவருக்கு ஒரு நோக்கம் இருக்கும். அதில் தவறில்லை. அது நம் நோக்கத்தோடு எவ்வளவு தூரம் ஒத்துப்போகிறது, எதை மூழ்கடிக்கிறது என்பதைக் கையெழுத்துக்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

2018 மார்ச் 5ஆம் திகதி இந்த ஊரில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. எரிந்த வீட்டுக்குள் ஓர் இளைஞன் இறந்தான். மறுநாள் அவசரகாலச் சட்டம் வந்தது. அதற்கு மறுநாள் முகநூல், வாட்ஸ்அப், வைபர் எல்லாம் முடக்கப்பட்டன. வெறுப்பைப் பரப்புவதில் தமது தளத்துக்கு இருந்த பங்குக்காக முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டது. டிஜிட்டல் ஊடகம் என்று நாம் ஆசையாகச் சொல்லும் அதே கைத்தொலைபேசியில்தான் அந்த நாட்களின் வதந்தியும் ஓடியது.

இரண்டாவது விண்ணப்பம் முதற்கட்டத்தில் தெரிவானது. ஒரு உத்தியோகத்தர் அன்பாகத்தான் பேசினார். பாட்டு நல்லது, ஆனால் திகன என்றால் 2018தானே, பாடும் பெண்களையே அந்த நாளைப் பற்றிக் கமெராவுக்கு முன் பேச வைத்தால் தொகையை மூன்று மடங்காக்கலாம் என்றார். பத்து நிமிடக் காணொளிகள், ஒரு இணையத்தளம், கொழும்பில் ஒரு கண்காட்சி.

நாங்கள் உடனே மறுக்கவில்லை. அது பெரிய தொகை. அந்த நாளைப் பதிவு செய்வதும் தேவையான வேலை. அதைச் செய்பவர்களை நாங்கள் மதிக்கிறோம். எங்களில் இருவர் ஏற்றுக்கொள்ளலாம் என்றார்கள், இருவர் வேண்டாம் என்றார்கள். மூன்று வாரம் இழுபட்டது. கடைசியில் பாடும் பெண்களிடமே போய்க் கேட்டோம். முதலிலேயே அதைச் செய்திருக்க வேண்டும். அதில் ஒரு ராத்தா, தன் குடும்பத்தின் கடை எரிந்தவர், தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டுச் சொன்னார்: தன்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் அந்த ஒரு நாளைத்தான் கேட்கிறார்கள், தன் உம்மா பாடிய கலியாணப் பாட்டைக் கேட்டு வந்தவர்கள் நாங்கள்தான் முதல் ஆட்கள், அதனால்தான் கதவைத் திறந்தேன் என்று. முகம் தெரியும் காணொளி இணையத்தில் போனால் பக்கத்து வீட்டாரோடு இனி எப்படிப் பேசுவது என்றும் கேட்டார். எங்களிடம் பதில் இருக்கவில்லை.

மறுத்து எழுதினோம். நன்றியோடுதான் எழுதினோம். அதற்கு விலை கொடுத்தோம் என்பதையும் மறைக்கக் கூடாது. அடுத்த நிதி கிடைக்க ஒன்றரை ஆண்டு சென்றது. அதற்குள் எங்கள் பட்டியலில் இருந்த இரண்டு பாட்டிமார் காலமானார்கள். ஒருவருடைய குரல் ஒரு கைத்தொலைபேசியில் நான்கு நிமிடம் இருக்கிறது. மற்றவருடையது இல்லை. கைவிட்டது சரியா என்று இப்போதும் எங்களுக்குள் வாக்குவாதம் வரும். ஆனால் காத்திருந்த காலத்தில் கையில் இருந்த கைத்தொலைபேசியாலாவது பதிவு செய்யாமல் விட்டது பிழை என்பதில் நால்வருக்கும் ஒரே கருத்து.

எங்கள் பிழைகளில் மோசமானதை இன்னும் சொல்லவில்லை. ஆரம்ப நாட்களில் ஓர் ஒப்பாரியைப் பதிவு செய்து, ஆர்வத்தில் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். குழுவில் யாரோ வேறு குழுவுக்கு அனுப்ப, இரண்டே நாளில் அது இறந்தவரின் மகனுக்கே போய்ச் சேர்ந்தது. தன் தாயின் பெயர் சொல்லி அழும் பாட்டு, சிரிப்புப் படக்குறிகளோடு. வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் எங்களை உள்ளே கூப்பிட்டார், ஆனால் இனிமேல் எங்கள் வீட்டில் பதிய வேண்டாம் என்றார். அனுப்பியதைத் திருப்பி எடுக்க முடியவில்லை.

அதன்பிறகு சம்மதப் படிவம் எழுதினோம். ஆங்கிலத்தில் இருந்த மாதிரிகளைப் பார்த்து, இங்குள்ள பெண்கள் பேசும் தமிழில் எழுதினோம். வாசிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி, அவர் வாயால் சொல்வதைப் பதிவு செய்கிறோம். நான்கு கேள்விகள்: வீட்டாருக்கு மட்டுமா, கல்லூரி நூலகத்தில் கேட்கலாமா, இணையத்தில் போடலாமா, பெயர் சொல்லலாமா. பிறகு மனம் மாறினால் எடுத்துவிடுவோம் என்ற உறுதி. ஒப்பாரிக்கு இறந்தவரின் குடும்பத்திடமும் கேட்கிறோம். மூன்றாவது விண்ணப்பத்தோடு இந்தப் படிவத்தை இணைத்தோம். தெரிவுக் குழு தன் கடிதத்தில் தனியாகக் குறிப்பிட்டது அதைத்தான். எங்கள் வெட்கக்கேட்டில் பிறந்த தாள் அது.

மூன்றாவது விண்ணப்பம் ஐந்து பக்கம்தான். என்ன செய்யப் போகிறோம் என்பது முதல் வாக்கியத்திலேயே இருந்தது: 60 சஞ்சிகை, 40 மணி நேரப் பாட்டு, பதினெட்டு மாதம், மூல ஒலிப்பதிவு கல்லூரியில், பிரதி பாடியவரின் வீட்டில். யார் செய்வது, எவ்வளவு செலவு, பணம் முடிந்த பின் யார் பார்த்துக்கொள்வது என்பவை அடுத்து வந்தன. ஏற்கெனவே செய்து முடித்த ஆறு சஞ்சிகைகளையும் மூன்று பாட்டுகளையும் மாதிரியாக வைத்தோம். பெரிய வார்த்தை ஒன்றும் இல்லை.

கிடைத்த தொகை சிறியது. பாதி வேலைக்குத்தான் காணும். மீதிக்காகத்தான் உங்கள் முன் நிற்கிறோம். இலண்டன் கிளை அக்காமாருக்கு ஒரு வேண்டுகோள். அங்கே பதிவுபெற்ற அறக்கட்டளை ஊடாக வரி கட்டும் ஒருவர் ஒரு பவுண் கொடுத்தால், கிஃப்ட் எய்ட் முறையில் இன்னும் 25 பென்ஸ் அரசிடமிருந்து பெறலாம். தனித்தனியாக அனுப்பாமல் அந்த வழியாகச் சேர்த்து அனுப்புங்கள். உள்ளூர்ச் சங்கம் இவ்வளவு போட்டது, முன்னாள் மாணவியர் இவ்வளவு போட்டார்கள் என்று எழுத முடிந்தால், அடுத்த விண்ணப்பத்தின் பாரம் பாதி குறையும்.

பணம் அனுப்ப முடியாதவர்களிடமும் கேட்க எங்களிடம் நிறைய இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதியதைத் திருத்தித் தாருங்கள். ரொறன்ரோவிலும் சிட்னியிலும் அரச அலுவலகங்களில் வேலை செய்யும் தங்கைமாரே, விண்ணப்பங்களை மேசையின் மறுபக்கத்திலிருந்து வாசிப்பவர்கள் உங்களில் இருப்பீர்கள். அனுப்புவதற்கு முன் ஒருமுறை வாசித்து, விளங்காத இடத்தில் கோடு போடுங்கள். இந்த மலரின் நடுவில் பெயர் தெரியாத இருபது படங்களை அச்சிட்டிருக்கிறோம். யாரையாவது அடையாளம் கண்டால் எழுதுங்கள். உங்கள் அம்மாவோ அம்மம்மாவோ உம்மாவோ பாடுகிறவராக இருந்தால், யாருடைய நிதிக்கும் காத்திருக்க வேண்டாம். இன்றிரவே கைத்தொலைபேசியை மேசையில் வைத்து, அனுமதி கேட்டு, பெயரையும் திகதியையும் முதலில் சொல்லிவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

தேத்தண்ணி ஊற்றித் தந்த அந்த ராத்தா கலியாணப் பாட்டைப் பாடி முடித்துவிட்டார். பதினோரு நிமிடம். நான்கு கேள்விகளில், கல்லூரி நூலகத்தில் கேட்கலாம் என்பதற்குச் சம்மதித்தார், இணையத்துக்குச் சம்மதிக்கவில்லை. ஆகவே அதை இங்கே ஒலிபரப்ப எங்களுக்கு அனுமதி இல்லை. கேட்க விரும்புகிறவர்கள் கல்லூரி நூலகத்துக்கு வாருங்கள். காதில் மாட்டும் கருவி இரண்டு வாங்கி வைத்திருக்கிறோம்.